பதினான்காம் கேள்வியில் ஒரு சொல்

என் மனைவிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அடையாள அட்டையிலும், என் மாமியாருக்குக் கோபம் வரும்போதும் மட்டும்தான் அது வெளியே வரும். மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் 'கேள்வி'. "கேள்வி அக்கா வருது, நாயைக் கட்டு!" என்று ஒரு மாடியிலிருந்து குரல் கிளம்பினால், தெருவில் நாலு வீட்டில் கதவு திறக்கும், இரண்டு வீட்டில் சாத்தும். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டு வருவதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. பல்கலைக்கழகத்தில் யாராவது எதையாவது ஆராயக் கிளம்பினால் வெயிலில் நடப்பவள் இவள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அதைக் கூட்டிக் கழித்து டாக்டர் பட்டம் வாங்குபவர்கள் வேறு ஆட்கள். இப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. எனக்கு வயிறு எரிகிறது, சொல்லிவிட்டேன்.

அவள் கேட்காத கேள்வி இந்த ஊரில் இல்லை. என்ன சோப்பு, எந்தப் பல் ஆடுகிறது, பேருந்துக்கு எத்தனை நிமிஷம் நிற்கிறீர்கள், மருமகளோடு சண்டை வாரத்துக்கு எத்தனை தடவை. ஒரு சமயம் குறட்டையைப் பற்றி ஆராய்ச்சி நடந்தது. மூன்று மாதம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்ன குறட்டைக் கதைகளைக் கேட்டு எனக்குத் தூக்கமே போய்விட்டது.

என்னை அவள் பிடித்ததும் ஒரு கேள்வியில்தான். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தூக்கத்தைப் பற்றிய படிவம் ஒன்றை எண்பது பிரதி எடுக்க வந்தாள். மிஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. நான் குனிந்து அதை உருவிக்கொண்டிருக்க, சும்மா நிற்பானேன் என்று என்னையே முதல் ஆளாகப் பிடித்து எழுத ஆரம்பித்துவிட்டாள். எத்தனை மணிக்குப் படுப்பேன், கனவு வருமா, வந்தால் யார் வருவார்கள் என்று அது பாட்டுக்குப் போயிற்று. கடைசியில் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'நம்பலாம்' என்று இருந்தது.

அது அவள் பழக்கம். ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் எழுதுவாள்: 'நம்பலாம்', 'பாதி நம்பலாம்', 'மூக்கைச் சொறிந்துகொண்டு சொன்னார்', 'மனைவி கண்ணைக் காட்டியதும் எண்ணை மாற்றினார்'. யாரும் இதை எழுதச் சொல்வதில்லை. எழுதாவிட்டால் அவளுக்குத்தான் சோறு இறங்காது. என்னை நம்பலாம் என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இரண்டே மாதத்தில் கல்யாணம் பேசி முடித்துவிட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒரு பேராசிரியர் வந்தார். இணையம் சமூகத்தை என்ன செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. போனும் கையுமாகத் திரிகிற மனிதர்கள் இதனால் நெருங்கியிருக்கிறார்களா, விலகியிருக்கிறார்களா? நல்ல கேள்விதான். ஆளும் நல்லவர்தான். ஒரே ஒரு குறை, அவர் வாயில் பேச்சுத் தமிழே வராது. சிறு வயதிலேயே வெளிதேசம் போய்ப் புத்தகத்திலிருந்து தமிழ் கற்றுக்கொண்டவராம். என் கடையை 'நகலகம்' என்பார். பக்கத்து டீக்கடையில் போய், "ஐயா, சர்க்கரை குறைவாக ஒரு குவளைத் தேநீர் கிடைக்குமா?" என்று கேட்பார். டீக்கடைக்காரர் முதல் நாள் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து.

எண்ணூறு வீடு, நாற்பது கேள்வி, நாலு பேர். ஆளுக்கு இருநூறு வீடு. என் மனைவி ஒருத்தி. மற்ற மூவரில் உங்களுக்குத் தெரிய வேண்டியவன் 'தாடி' என்று ஒரு பையன். நாலு பேரையும் உட்கார வைத்துப் பேராசிரியர் பயிற்சி கொடுத்தார். வெளிதேசத்துக் கேள்விகளை அவரே கைப்படத் தமிழாக்கியிருந்தார். ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது, இது தரப்படுத்தப்பட்ட வினாப் பட்டியல் என்று மூன்று தடவை சொன்னாராம். பதினான்காவது கேள்வி வந்தபோது என் மனைவி எழுந்து நின்றாள்.

"சார், இந்த வார்த்தை வேண்டாம் சார்."

"ஏன் அம்மா?"

"வேண்டாம் சார்."

"காரணம் கூறுங்கள்."

தாடியும் பல்கலைக்கழகத்து ஆட்களுமாக அந்த அறையில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "வேண்டாம்னா வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். காரணம் இல்லாத கருத்தைப் பேராசிரியர் ஏற்கவில்லை. எந்தப் பேராசிரியர்தான் ஏற்பார்?

அந்தக் கேள்வி இதுதான்: 'இணையம் வழியாக உங்களுக்கு எத்தனை ஆண்களுடன் தொடர்பு உள்ளது? எத்தனை பெண்களுடன் தொடர்பு உள்ளது?'

படிக்கிற உங்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. எண்ணூறு படிவத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு வரி படிக்கவில்லை. ஜெராக்ஸ்காரன் படிக்க ஆரம்பித்தால் கடையை மூட வேண்டியதுதான்.

சொந்தத் தெருவில் கேள்வி கேட்கக்கூடாது என்று அவர்களுக்கு விதி இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டுக்குத் தாடி வந்தான். என் மனைவி வேறெங்கோ நடந்துகொண்டிருந்தாள். நானும், இரண்டு நாள் தங்க வந்திருந்த என் மாமியாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பதின்மூன்று கேள்வி கேட்டான், ஒழுங்காகப் பதில் சொன்னேன். பதினான்காவதைக் கேட்டான்: "எத்தனை பெண்களுடன் தொடர்பு உள்ளது?" மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"சேச்சே! அப்படி ஒருத்தரும் கிடையாது தம்பி. பூஜ்யம்னு எழுதிக்கோ. நல்லாப் பெருசா எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான். மாமியார் மறுபடி சத்தத்தைக் கூட்டினார். அதோடு நான் அதை மறந்துவிட்டேன். ஒன்றும் யோசிக்கவில்லை, மூளைக்கு முன்னாலேயே வாய் பதில் சொல்லிவிட்டது. உண்மை என்னவென்றால், போனில் ஒரு குறுக்கெழுத்துக் குழு இருக்கிறது. கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் நான் அதில்தான் கிடப்பேன். அதில் அறுபத்து மூன்று பேர். நாற்பத்தொரு பேர் பெண்கள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. மற்ற மூன்று பேரின் அறுநூறு வீட்டிலும் பதினான்காம் கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட பூஜ்யம். என் மனைவியின் இருநூறு வீட்டில் மட்டும் இருபது, முப்பது, நாற்பது. இவர் வீடுகளுக்குச் செல்லாமல் தம் இல்லத்திலேயே அமர்ந்து படிவங்களை நிரப்பினார் எனக் கருத இடமுண்டு, பத்து நாள்களுக்குள் விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தது.

இதைவிட ஒரு பெரிய அவமானம் அந்தத் தொழிலில் கிடையாது. மாவில் கலப்படம் செய்தான் என்று மாவு மில்காரனைச் சொல்வது மாதிரி. அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் எந்தத் துறையும் கூப்பிடாது. நாய்க்கு பிஸ்கட் பையில் வைத்துக்கொண்டு, முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு, பூட்டின வீட்டுக்கு நாலாவது தடவையாகப் போய் நிற்பவளை அப்படிச் சொல்லிவிட்டார்கள். அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "என்ன நடந்தது?" என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு அவள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணல் நான்தான். அறுநூறு வீட்டில் பூஜ்யம் என்றால், நானே பூஜ்யம் சொன்னவன் என்றால், இவளுக்கு மட்டும் எங்கிருந்து நாற்பது வந்தது என்று என் புத்தி போயிற்று.

"போன மாசம் உனக்கு முட்டி வலி ஜாஸ்தியா இருந்துச்சே... ஒண்ணு ரெண்டு வீட்டைப் போகாம விட்டுட்டியோ?"

அவள் என்னைப் பார்த்தாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

பேராசிரியருக்கு அவள் எழுதிய விளக்கம் இரண்டே வரி. 'கேள்வியில் ஒரு சொல் சரியில்லை. நீங்களே நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.' எந்தச் சொல் என்று எழுதவில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் எழுதிக் கையெழுத்து வேறு போடுவாளா? அதற்குமேல் அவளுக்கு ரோஷம்.

வீட்டில் நிலைமை என்னவென்றால், எங்கள் மகள் தூரத்து ஊர் ஒன்றில் படிக்கிறாள். என் மனைவி சமையலறையிலிருந்து அவளுக்குச் செய்தி அனுப்புவாள்: 'அப்பாகிட்ட சொல்லு, சோறு மேசையில இருக்கு.' மகள் அதை எனக்கு அனுப்புவாள். நான் மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். 'உப்பு எங்கேன்னு அம்மாவைக் கேளு' என்று நான் திருப்பி அனுப்புவேன். எட்டடி தூரத்து உப்பு, எழுநூறு மைல் சுற்றி வந்தது. இணையம் சமூகத்தை என்ன செய்கிறது என்று ஆராய வந்த மனிதர் எங்கள் சாப்பாட்டு அறையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும். ஆறாவது நாள் மகளிடமிருந்து இரண்டு பேருக்கும் ஒரே செய்தி வந்தது: 'எனக்குப் பரீட்சை இருக்கு. நேர்ல பேசித் தொலைங்க.'

அப்படியும் பேசவில்லை. ஒன்பதாவது நாள் காலை, பேராசிரியரே என் கடைக்கு வந்தார்.

"ஐயா, இப்பத்துப் படிவங்களுக்கும் நகல் வேண்டும். அத்துடன் ஓர் உதவி. இம்முகவரிகளுக்கு எப்படிச் செல்வது?"

படிவத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரியின் கையெழுத்து. மறு ஆய்வுக்காகப் பத்து வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் அவள் புருஷன் என்பது அவருக்குத் தெரியாது; அவரைப் பொறுத்தவரை நான் நகலகத்துக்காரர். ஓரத்தில் பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சாதாரணமாக எடுத்தால் பென்சில் நகலில் விழாது. கட்டத்து எண்களை மட்டும் கணினியில் ஏற்றியவர்களும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மிஷினில் கறுப்பைக் கடைசி வரை கூட்டி வைத்துப் பத்தையும் எடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், அவள் எழுதியது முழுசாகப் போகட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பிறகு கடையைப் பாதி சாத்திவிட்டு, "வாங்க சார், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

முதல் வீடு தையற்காரர் வீடு. வாசல் அறையிலேயே மிஷின். அவர் கால்சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார், மனைவி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் வணக்கம் சொன்னார், படிவத்தைப் பிரித்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மணி, இணையம் வழியாக உங்களுக்கு எத்தனை ஆண்களுடன் தொடர்பு உள்ளது?"

மிஷின் நின்றது.

"என்னது?" என்றார் அந்த அம்மாள்.

காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டார் பேராசிரியர். இன்னும் உரக்க, ஒவ்வொரு சொல்லாக, எதிர்வீட்டு மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடி கேட்டார். தையற்காரர் எழுந்தார். கையில் கத்திரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்துவிட்டார் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

"யோவ், யாருய்யா நீ? எம் பொண்டாட்டியைப் பார்த்து என்ன கேள்வி கேக்குற?"

"பார்த்தா படிச்ச மனுஷன் மாதிரி இருக்கீங்க, கேக்குற கேள்வியா இது?" என்று அந்த அம்மாள் பொத்தான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

"ஏய், இவரு எதுக்கு உன்கிட்ட வந்து இதைக் கேக்குறாரு? தெருவுல யாரு என்ன சொன்னாங்க?"

"பாத்தீங்களா, இப்ப என்னையே கேக்குறீங்க!"

பேராசிரியர் இரண்டு பேருக்கும் நடுவில் விரலை உயர்த்தினார். "ஆக, பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளலாமா?"

"குறிச்சுக்கிட்டுக் கெளம்புய்யா!"

தெருமுனை வரை நாங்கள் நடந்தோம் என்று சொல்ல முடியாது. நின்று மூச்சு வாங்கியதும் அவர் பூஜ்யத்தைக் குறித்துக்கொண்டார். "பாருங்கள். அந்தக் கணக்கெடுப்பு அம்மாள் இவ்வீட்டிற்கு இருபத்தாறு என்று எழுதியிருக்கிறார்." எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. தொடர்பு. இந்தச் சொல்லை எங்கேயோ, மாமியார் முகத்துக்கு எதிரில்...

இரண்டாவது வீட்டில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் தனியாக இருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். நாற்காலியில் சாய்ந்திருந்தார், மடியில் போன். கேள்வியைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை, வெட்கப்பட்டார்.

"எம் பொண்டாட்டி போயி ஏழு வருஷம் ஆச்சு சார். அவ இருந்தப்பவே நான் அப்படி இல்ல. இந்த வயசுல எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்?"

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மடியிலிருந்த போன் ஐந்து தடவை 'டிங்' என்றது. ஒவ்வொரு டிங்குக்கும் குனிந்து பார்த்தார், சிரித்தார், கட்டை விரலால் ஏதோ பதில் போட்டார். பேராசிரியர் பொறுமையாகக் காத்திருந்து, அவர் எதிரிலேயே பூஜ்யம் என்று எழுதினார்.

எனக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. நானும் இந்தக் கிழவரும் ஒன்றுதான். இதையே எங்கள் குழுவில் 'கம்பி இல்லாமலும் உண்டு, கல்யாணம் இல்லாமலும் உண்டு, நாலு எழுத்து' என்று குறிப்பாகப் போட்டிருந்தால் கால் நிமிஷத்தில் அடித்திருப்பேன். நாள் பூராவும் சிலேடையைப் பிரித்துக்கொண்டிருப்பவனுக்கு, சொந்தப் பெண்டாட்டியின் பிழைப்பை அறுக்கிற சிலேடை கண்ணில் படவில்லை. அவள் அந்த அறையில் எழுந்து நின்று வேண்டாம் என்றது இதைத்தான். அவளைப் பார்த்து முட்டி வலியைப் பற்றிக் கேட்டேனே, பாவி!

மூன்றாவது வீட்டிலும் பூஜ்யம். அங்கே புருஷன் சிரித்தான், மனைவி சிரிக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது உள்ளே பேச்சு வலுத்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் களைத்துப்போய் என் கடைப் பக்கத்து டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இனி எஞ்சிய வீடுகளுக்குச் செல்லத் தேவையில்லை. அந்த அம்மாளை நீக்கிவிட்டு மற்றத் துறைகளுக்கும் இன்றே அறிவித்துவிடுவேன். வருத்தமாகத்தான் இருக்கிறது." நிஜமாகவே அவர் முகத்தில் வருத்தம் இருந்தது.

"சார், எங்க வீட்டுக்கும் உங்க படிவம் வந்துச்சு. நானும் பூஜ்யம்தான் சொன்னேன்."

"பார்த்தீர்களா?"

"பொய் சொன்னேன் சார். எனக்கு அறுபத்து மூணு பேரு இருக்காங்க. எல்லாம் அந்த வார்த்தையால வந்தது."

"எந்த வார்த்தை? தொடர்பா? அதில் என்ன குறை? தொலைத்தொடர்பு, மக்கள் தொடர்பு, தொடர்பு எண்... நல்ல தமிழ்ச் சொல் அல்லவா?"

இதற்கு விளக்கம் சொல்லிப் புரிய வைக்க என்னால் ஆகாது என்று தெரிந்தது. "சார், உங்களுக்கு இணையத்துல பேசுற பெண்கள் எத்தனை பேரு?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "பதினேழு."

"வீட்டுல உங்க சம்சாரத்துக்கு ஒரு போன் போடுங்க. உங்க கேள்வியில இருக்கிற மாதிரியே, அதே வார்த்தையில, அவங்ககிட்ட அதைச் சொல்லுங்க."

சோதனை என்றால் விஞ்ஞானியால் மறுக்க முடியாதே. ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மேசைமேல் வைத்தார். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார்.

"நான்தான் பேசுகிறேன். ஒரு செய்தி. எனக்கு இணையம் வழியாகப் பதினேழு பெண்களுடன் தொடர்பு உள்ளது."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எத்தனை?"

"பதினேழு. இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்."

"எத்தனை வருஷமா?"

"ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக. அனைவரும் என் துறையைச் சேர்ந்தவர்கள்தாம்."

"வீட்டுக்கு வாங்க."

"மாலை ஐந்தரை மணிக்கு..."

"இப்ப வாங்க."

போன் அணைந்தது. பேராசிரியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் இவ்வளவு சினம்?"

டீக்கடைக்காரர்தான் சொன்னார். "சார், தொடர்புன்னா எங்க ஆளுங்களுக்குக் கள்ளத்தொடர்பு சார். 'அவனுக்கு அவளோட தொடர்பு'ன்னு சொன்னா வேற ஒரு அர்த்தமும் கிடையாது."

பேராசிரியர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஐயய்யோ!" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சுத் தமிழ் அதுதான். "அப்படியென்றால் அறுநூறு வீடுகளில் நான்..."

"ஆமா சார். அறுநூறு வீட்டுலயும் ஆள் விட்டுக் கேட்டிருக்கீங்க."

இணைய யுகத்தில் மனிதன் முற்றிலும் தனித்துவிட்டான் என்று கட்டுரையே எழுதி முடித்து வைத்திருந்தாராம், அடுத்த மாதம் வாசிக்க. பையிலிருந்து நகல் படிவங்களை எடுத்தார். பென்சில் எழுத்து கறுப்பாக விழுந்திருந்தது. அப்போதுதான் அதைப் படித்தார்.

தையற்காரர் வீடு: 'கேள்வியை உள்ளபடி கேட்டேன், முறைத்தார். அந்தத் தொடர்பு இல்லை, சும்மா பேசிப் பழகுவது என்றதும் சொன்னார். ஆண்கள் ஐந்து. ஐந்து பேரும் கூடப் பிறந்தவர்கள், வெளிநாட்டில். பெண்கள் இருபத்தொன்று. தம்பியைப் பற்றிச் சொல்லும்போது ஊசி விரலில் குத்திக்கொண்டது. நம்பலாம்.'

ரயில் டிரைவர்: 'பழைய ரயில் ஓட்டுநர்கள் குழு, நாற்பது பேர். காலை வணக்கம் வராத ஆளுக்கு ஒன்பது மணிக்குள் போன் போட்டு உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். போன மாதம் ஒருவர் எடுக்கவில்லை. நம்பலாம்.'

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டில் அமர்ந்து இதை எவராலும் எழுத முடியாது. நான் தேடி வந்தது முழுவதும் இந்த ஓரங்களில் இருக்கிறது. இந்த அம்மாளை எங்கே பார்க்கலாம்?"

"எங்க வீட்டுல சார். அவ என் சம்சாரம்."

"முதலிலேயே ஏன் கூறவில்லை?"

"சொல்லியிருந்தா எங்கூட வந்திருப்பீங்களா? இன்னொண்ணு சார். நீங்க அவளைச் சந்தேகப்பட்டீங்க, நியாயம். உங்களுக்கு அவளைத் தெரியாது. நானும் சந்தேகப்பட்டேன்." சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் முதலில் தம் வீட்டுக்கு ஓடினார். அங்கே என்ன நடந்தது என்று முழுசாகத் தெரியவில்லை; மறுநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். அந்த அம்மாள் வாசலிலேயே என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவே அது கேள்விதானா? நீங்க சொன்னா நம்புறேன்" என்றார். என் மனைவி படிவத்தை எடுத்துக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

"அன்னிக்கே சொன்னேனே சார்" என்றாள் என் மனைவி.

"வேண்டாம் என்று மட்டும்தானே சொன்னீர்கள்? ஏன் என்று சொல்லவில்லையே!"

"அத்தனை ஆம்பளைங்க நடுவுல எப்படி சார் சொல்றது?"

பேராசிரியர் எழுந்து நின்று, தவறு என்னுடையது, எழுத்திலும் தருகிறேன் என்றார். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அறுநூறு வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும். கேள்வியை எப்படிக் கேட்பது என்று தாடிக்கும் மற்ற இரண்டு பேருக்கும் இவளே சொல்லித்தர வேண்டும். புதுப் படிவத்தில் ஓரம் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட வேண்டும் என்று அவரே சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர்கள் போனதும் மேசையைத் துடைத்தாள். போனை எடுத்தாள். என் போன் 'டிங்' என்றது. மகள் அனுப்பியிருந்தாள்: 'அம்மா சொல்றாங்க, வாசல் கதவைச் சாத்தணுமாம்.'

ஊர் நம்பிவிட்டது. நான் நம்பாததுதான் அப்படியே கிடந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். "தப்பு பண்ணிட்டேன். என்ன நடந்ததுன்னு உன்னைக் கேட்டிருக்கணும். நான் கேட்டது கேள்வியே இல்ல" என்றேன். அவள் எழுந்து போய் அட்டையையும் பேனாவையும், காதில் செருகிக்கொள்கிற அந்தப் பென்சிலையும் எடுத்து வந்தாள். ஒரு பழைய படிவத்தை மேலே செருகினாள். முட்டியை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பத்து நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கேள்வி பதினாலு. எத்தனை பெண்களுடன் தொடர்பு உள்ளது?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் பத்து நாளா அறுந்து கெடக்கு."

"குறுக்கெழுத்துல நாப்பத்தொண்ணு பேரு?"

"அது... அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எம் புருஷன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? கேட்டதுக்குப் பதில்."

"அவங்களோட எழுத்து மட்டும்தான். பேச்சு உன்னோடதான். நீ பேசலைன்னா எனக்கு வீட்டுல ஒண்ணும் ஓடல."

பேனாவால் கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். பிறகு பென்சிலை எடுத்து, படிவத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

'பாதி நம்பலாம்.'

"மீதிப் பாதி?" என்றேன்.

"மறு ஆய்வுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு, "உப்பு அந்த நீல டப்பாவுல இருக்கு" என்றாள்.